எம்1911 கைத்துப்பாக்கியின் மரப் பிடிப்பலகைகள்

எம்1911 கைத்துப்பாக்கியின் எஃகுச் சட்டத்தில், கைபிடிக்கும் பகுதியின் இரு பக்கமும் திருகாணியால் பொருத்தப்படும் மெல்லிய துண்டுகளே பிடிப்பலகைகள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இத்துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911 மார்ச் 29 அன்று ஏற்றுக்கொண்டது. பலகைக்கு இரண்டாக நான்கு திருகாணிகளைக் கழற்றினால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டிவிடலாம். துப்பாக்கியின் இயக்கத்தைத் தொடாமலே அதன் தோற்றத்தை மாற்ற முடிந்ததால், அலங்காரப் பிடிப்பலகை செய்வது அமெரிக்காவில் ஒரு தனிக் கைத்தொழிலாகவே வளர்ந்தது.

ராணுவத்துக்குப் போன முதல் பலகைகள் வால்நட் மரத்தாலானவை. வியர்வையில் கை வழுக்காதிருக்க, குறுக்கும் நெடுக்குமாகக் கோடு கீறி, முகம் முழுவதும் சிறு கூம்புகள் எழுப்பியிருந்தார்கள். திருகாணித் துளைகளைச் சுற்றி மட்டும் சாய்சதுரமாக ஓரிடம் செதுக்கப்படாமல் இருக்கும். சேகரிப்பாளர்கள் ‘டபுள் டைமண்ட்’ என்று போற்றும் வடிவம் இதுதான். திருகாணி இறுகும் இடத்தில் மரம் முழுக் கனத்தோடு இருப்பது நல்லது. துளை விளிம்பில் கூம்புகள் இருந்தால் அவை எளிதில் சிதறும். இன்று வெறும் அழகுக்காகவே இந்தச் சாய்சதுரத்தை நகலெடுப்பவர்கள் அதிகம். 1920களில் வந்த எம்1911ஏ1 வகையில் சாய்சதுரம் மறைந்து முழு முகமும் செதுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மரத்தின் இடத்தைப் பழுப்பு நிற பிளாஸ்டிக் பிடித்துக்கொண்டது. அந்தப் போரில் சில சிப்பாய்கள், நொறுங்கி விழுந்த விமானங்களின் கண்ணாடி போன்ற பிளெக்சிகிளாஸை அறுத்துப் பிடிப்பலகையாக்கி, அதனடியில் மனைவி அல்லது காதலியின் படத்தைச் செருகிக்கொண்டார்கள்.

கைவினைஞர் ஒரே கட்டையை நடுவே பிளந்து, விரித்த புத்தகம்போல் இரு பாதிகளையும் வைத்துப் பார்ப்பார். மர வரி இரு பக்கமும் கண்ணாடிப் பிம்பமாக அமைந்தால்தான் ஜோடி சேர்ந்ததாகக் கொள்வார். அடுத்து உட்புறம் துளியும் கோணலின்றித் தட்டையாக்கப்படும். பலகையின் கனம் பொதுவாக 6 மி.மீ. அளவே, உட்புறம் கோணினால் திருகாணி இறுகும்போது பலகை வெடிக்கும். இடப் பலகையின் மேல் விளிம்பு இன்னும் நுட்பமானது. பாதுகாப்பு விசையையும் மேலுறையை (ஸ்லைடு) நிறுத்தும் நெம்புகோலையும் தள்ளி நிற்கும் வில்சுருள், சட்டத்தில் அறையப்பட்ட ஒரு சிறு குழாய்க்குள் இருக்கிறது. அந்தக் குழாய்க்குக் கீழிருந்து தாங்கலாக இருப்பது இந்த விளிம்புதான். ஆகவே பலகையின் தரத்தை மதிப்பிட விரும்புபவர் சித்திர வேலைப்பாட்டுக்கு முன் இந்த விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

கோடு கீறுவதற்கு வரிசைப் பற்கள் கொண்ட கைக்கருவி பயன்படுகிறது. அங்குலத்துக்கு சுமார் 20 கோடுகள் வழக்கம். முதலில் ஒன்றையொன்று வெட்டும் இரு வழிகாட்டிக் கோடுகள். மற்றவை எல்லாம் அவற்றைப் பின்பற்றும். முதல் கோடு சற்றே பிசகினாலும் அந்தப் பிழை பலகை முழுவதும் தொடரும். ஒரே மூச்சில் ஆழமாகக் கீறாமல் பல சுற்றுகளாக ஆழப்படுத்துவார்கள். கூம்பு நுனி கூராகும்வரை வேலை நடக்கும். மரம் மென்மையாக இருந்தால் அந்த நுனிகள் உதிர்ந்துவிடும். கழுகு, மண்டையோடு, படைச்சின்னம் போன்ற புடைப்புச் சிற்பங்கள் கண்ணைக் கவர்ந்தாலும், சுடும்போது உள்ளங்கையில் உறுத்துபவை, அலமாரிக்கே ஏற்றவை.

வால்நட்டுக்கு அடுத்து அதிகம் விரும்பப்படுவது மத்திய அமெரிக்காவின் கோகோபோலோ. ஆரஞ்சும் கறுப்புமாக வரியோடும் இம்மரம் எண்ணெய்ப் பசை மிக்கது. அதனால் ஒட்டும் பசை எளிதில் பிடிக்காது. இதன் தூள் சிலருக்குத் தோலில் கடும் ஒவ்வாமையை உண்டாக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரமும் இதே டால்பெர்ஜியா பேரினம்தான். வனவுயிர் வணிகத்துக்கான சைட்டிஸ் உடன்படிக்கை 2017 முதல் இப்பேரினம் முழுவதையும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துள்ளது. 2019-இல் செய்த திருத்தப்படி, ஒரு சரக்கில் 10 கிலோவுக்கு மிகாத முடிந்த பொருள்களுக்கு எல்லை தாண்டும் வணிகத்துக்கு வேண்டிய சைட்டிஸ் அனுமதிச் சீட்டு தேவையில்லை. செதுக்கி முடித்த பிடிப்பலகை இந்த விலக்கில் அடங்கிவிடும். செதுக்காத கட்டையை எல்லை தாண்டி வரவழைக்கும் கைவினைஞருக்கு விலக்கு இல்லை.