கரை காக்கும் அறம்

திருக்கோயிலுக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணி செய்து குடமுழுக்கு ஆற்றுதல் மரபு. கட்டியது எத்துணை வலிதாயினும் காலத்தால் நெகிழும் என்பதை உணர்ந்தே முன்னோர் இம்முறையை வகுத்தனர். நீர்நிலைக்கும் இந்நெறியே உரியதென அவர் கொண்டமை கல்வெட்டுக்களால் இனிது விளங்கும்.

உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், கி. பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுக்கள் ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிக்கின்றன. அதன் உறுப்பினர் அறுவர். குடவோலையால் தெரிந்தெடுக்கப்பெற்ற அவர்கள் 360 நாள் பணிபுரிந்து விலகுவர். முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதிருந்தவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பணிக்கு உரியரல்லர். தூரெடுத்தற்குப் பொன்னை முதலாக வைத்து அதன் வட்டியைச் செலவிடுதலும், ஏரிப்பட்டி என நிலம் விடுதலும் அக்கால வழக்கமாம். ஏரியை ஆக்கியவர் மறைந்த பின்னும் அதனைக் காப்பாரும், காத்தற்குரிய பொருளும் இருந்தமை இதனால் பெறப்படும்.

காப்பார் இன்றேல் விளைவது யாது? அமெரிக்க நாட்டுப் பென்சில்வேனியா மாநிலத்துச் சவுத் போர்க் அணையே இதற்குச் சான்று. படகுக் கால்வாய்க்கு நீர் உதவ அரசு எழுப்பிய, 72 அடி உயரமுள்ள அம்மண்ணணை பின்னர்த் தனியார் உடைமையாயிற்று. உரிமையாளர் ஒருவர் அடியில் நீர் போக்கும் இரும்புக் குழாய்களைப் பெயர்த்து விற்றார். அடுத்து வாங்கிய செல்வர் கழகத்தார் அவற்றை மீண்டும் அமைத்திலர். வண்டிப் பாதைக்காகக் கரையின் தலையைத் தாழ்த்தினர். வளர்த்த மீன் தப்பாதிருக்கக் கலிங்கில் கம்பித் தடுப்பு இட்டனர். 1889 மே 31 அன்று பெருமழையில் நீர் கரைமேல் வழிந்து மண்ணை அரிக்க, அணை உடைந்தது. கீழிருந்த ஜான்ஸ்டவுன் நகரும் அயலூர்களும் பாழாயின. 2,209 பேர் மாண்டனர். கழகத்தாரை எந்த வழக்குமன்றமும் பொறுப்பாக்கவில்லை.

மண்கரைக்குப் பெரும்பகை அடைபட்ட கலிங்கும் உட்கசிவுமே. மிகுநீர் செல்லும் வழி திறந்திராவிடின் கரை திண்ணிதாயினும் பயனில்லை. இதனைத் தாம்பரத்தார் அறிவர். 2015 டிசம்பர் 1, 2 ஆகிய நாட்களில், 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆதனூர் முதலிய மேலூர் ஏரிகளின் மிகுநீர் அடையாற்றில் பெருகி முடிச்சூரையும் வரதராசபுரத்தையும் சூழ்ந்தது. அதற்குக் கீழே, 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் செம்பரம்பாக்கம் ஏரியினின்று வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்த நீரும் ஆற்றில் கலந்தது. ஏரிக்கரை உடைந்திலது, எனினும் நீர் செல்லும் நிலத்தில் குடியிருந்தோர் இடருற்றனர்.

2021-ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம், பேரணைகளின் உரிமையாளர் அரசாயினும் தனியாராயினும் பராமரிப்புப் பொருளை ஒதுக்கவும், பருவமழைக்கு முன்னும் பின்னும் ஆய்வு செய்யவும் விதிக்கின்றது. பத்து மீட்டருக்குக் குறைந்த ஊரேரிக் கரைகள் அதன் எல்லைக்குள் வாரா. அவற்றை ஊராரே கண்காணித்தல் வேண்டும்.

அறம் செய்தவனினும் அதனைக் காத்தவன் உயர்ந்தோன் எனக் கருதியே, காப்பவன் திருவடி தம் தலைமேல் என்று பண்டைக் கொடையாளர் கல்லில் வெட்டுவித்தனர். கோபுரத்திற்குப் பொருளீந்த அன்பர்கள், மழைக்குமுன் தம்மூர் ஏரியின் கலிங்கையும் கால்வாயையும் சென்று காண்பாராக. தூரெடுத்தற்கு ஈயும் ஒரு பங்கும் சிவபுண்ணியமே. திருவருள் முன்னிற்பதாக.