சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை

தமிழகத்தில் ஆசிரியர் பயிற்சியின் வரலாற்றைச் சொல்வோர் பெரும்பாலும் 1856-ஆம் ஆண்டில் தொடங்குவர். சென்னை வேப்பேரியில் அரசினர் நார்மல் பள்ளி திறக்கப்பட்ட ஆண்டு அது. பின்னர் சைதாப்பேட்டைக்குப் பெயர்ந்து ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்ததும் அந்நிறுவனமே. இவ்வாறு தொடங்குவதில் ஒரு வசதி உண்டு: பயிற்சி என்பது மேற்கிலிருந்து வந்த கொடை, நம் திண்ணைப் பள்ளி வாத்தியார் அதற்குக் காத்திருந்தவர் என்று கதையை எளிதில் முடித்துவிடலாம். அறுபத்தேழு ஆண்டுகள் பின்னோக்கிச் சென்று எழும்பூரைப் பார்த்தால் கதை வேறு திசையில் திரும்புகிறது.

1789-இல் எழும்பூர்க் கொத்தளத்தில், இன்றைய இரயில் நிலையத்தை ஒட்டிய பகுதியில், படைவீரர்களின் அனாதைப் பிள்ளைகளுக்கென ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. அதன் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றவர் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார். இல்லத்தின் ஆசிரியர்கள் அவருக்கு மனநிறைவு தரவில்லை. ஒரு நாட்காலையில் குதிரைமீது செல்லும்போது உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் தரையில் மணல் பரப்பி விரலால் எழுத்துப் பழகுவதைக் கண்டார். ஏடும் எழுத்தாணியும் வேண்டாத, செலவே இல்லாத முறை. உடனே தம் பள்ளியிலும் அவ்வாறே கற்பிக்கும்படி பணித்தார். அகர வரிசை கற்பித்த ஆசிரியரோ அது நடவாத காரியம் என்று கைவிரித்துவிட்டார். அவரோடு வாதிட்டுக்கொண்டிராமல், ஜான் ஃபிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அவ்வகுப்புக்குப் பொறுப்பாக்கினார் பெல். ஃபிரிஸ்கன் நடத்திக் காட்டினான். சிறிது சிறிதாக மற்ற வகுப்புகளும் சிறுவர் கைக்கு மாறின.

நம் வாசகர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது. திண்ணைப் பள்ளியில் முன்னே கற்றவன் பின்னே வந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது நெடுநாள் வழக்கம். அவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயரே உண்டு. 1623-இல் இக்கேரிக்கு வந்த இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வாலே, சிறுவர்கள் ஆசிரியரின்றித் தமக்குள்ளேயே மணலில் எழுதிக் கணக்குப் படித்ததைக் கண்டு குறித்திருக்கிறார். 1823-இல் பெல்லாரி ஆட்சியர் காம்ப்பெல் எழுதிய அறிக்கையும், மூத்த மாணவர் இளையோருக்குக் கற்பிக்கும் இம்முறையைப் பாராட்டி, இங்கிலாந்து அதைப் பின்பற்றியது தகும் என்று ஒப்புக்கொள்கிறது. பெல் மணலை மட்டும் இங்கிருந்து எடுத்துக்கொண்டாரா, சட்டாம்பிள்ளையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டாரா என்பது இன்றளவும் வாதத்துக்குரியதுதான். அவர் தமது கண்டுபிடிப்பாகச் சொன்னது இரண்டாவதை. எம் எண்ணத்தில், இரண்டும் ஒரே திண்ணையில் இருந்தவை. ஒன்றைக் கண்ட கண்ணுக்கு மற்றொன்று தப்பியிருக்கும் என்று நம்புவது கடினம்.

1796-இல் ஊர் திரும்பிய பெல், மறு ஆண்டே தம் சோதனையை இலண்டனில் நூலாக வெளியிட்டார். அம்முறைக்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர் வழங்கிற்று. ஏறத்தாழ அதே காலத்தில் இலண்டனில் பள்ளி நடத்திய ஜோசப் லங்காஸ்டர், ஓர் ஆசிரியரைக் கொண்டே ஆயிரம் பிள்ளைகள் வரை கற்பிக்கலாம் என்று காட்டினார். முறை யாருடையது என்று இருவர் தரப்பும் நெடுங்காலம் பூசலிட்டன. கோல்ரிட்ஜ், சதே போன்ற கவிஞர்கள் பெல்லின் பக்கம் நின்றனர். பெல்லின் வரலாற்றை எழுதத் தொடங்கியவரும் சதேதான். அப்பூசலில் மணலில் எழுதவைத்த வாத்தியாரின் பெயரை எவரும் கேட்கவில்லை.

பயிற்சியின் வரலாறு இங்குதான் தொடங்குகிறது. ஆலைத்தொழில் பெருகிய இங்கிலாந்தில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் வேண்டியிருந்தன. ஆசிரியர்களுக்குக் கொடுக்கப் பணமில்லை, அல்லது மனமில்லை. மெட்ராஸ் முறை அதற்குத் தோதாக வாய்த்தது. 1812-இல் இலண்டன் பால்ட்வின் தோட்டத்தில் அமைந்த மத்தியப் பள்ளிக்கு ஊர் ஊராக ஆட்கள் வந்து, சில வாரங்கள் தங்கி இம்முறையைக் கற்றுச் சென்றனர். பாடத்தில் ஆழம் அவர்களிடம் எதிர்பார்க்கப்படவில்லை. பிள்ளைகளை வரிசைப்படுத்தி, அவர்களுள் சட்டாம்பிள்ளைகளை நியமித்து, மேற்பார்த்தால் போதும். ஆசிரியரை வளர்ப்பதற்கு எழுந்த ஏற்பாடு அன்று இது. குறைந்த ஆசிரியரைக் கொண்டு, குறைந்த அறிவைக் கொண்டு காலம் தள்ளுவதற்கான ஏற்பாடு. பணியிடைப் பயிற்சி, புத்தொளிப் பயிற்சி என்று இன்று அமர்ந்து கேட்கும் எம் போன்றோருக்கு இப்பிறப்புக் கதை சற்றே உறுத்தத்தான் செய்யும்.

இதற்கு மாறான சிந்தனை எழுந்த இடமும் சென்னைதான், சிந்தித்தவரும் ஸ்காட்லாந்துக்காரரே. ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் மாகாணமெங்கும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருப்பது தெரியவந்தது. 1826 மார்ச்சு 10 நாளிட்ட குறிப்பில் அவர் தொட்ட இடம் முக்கியமானது. ஆசிரியர் தரம் தாழ்ந்திருப்பதற்கு அவர் முறையைக் குறைகூறவில்லை. மாதம் ஆறேழு ரூபாய்க்குமேல் கிடையாத தொழிலுக்குத் தகுதியுள்ளோர் எப்படி வருவர் என்று கேட்டார். சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஒரு பள்ளி, ஒவ்வொரு மாவட்டத்திலும் இரண்டு பெரிய பள்ளிகள், தாலுகாதோறும் ஒரு பள்ளி என்பது அவர் திட்டம். மாவட்டப் பள்ளி ஆசிரியருக்கு மாதம் 15 ரூபாயும் தாலுகாப் பள்ளி ஆசிரியருக்கு 9 ரூபாயும் அரசு தரும். மாணவர் தருவது அதற்கு மேல். இவ்விரண்டும் சேர்ந்தால் தாலுகா ஆசிரியரின் நிலை தம் நாட்டுக் கிராமப் பள்ளி ஆசிரியரின் நிலையைவிட மேலாகவே இருக்கும் என்றும் அவர் கணக்கிட்டார். பயிற்சியையும் ஊதியத்தையும் ஒரே வரியில் வைத்த அரசாங்கக் குறிப்புகள் அதற்குப் பின்னும் அரிதே.

1827-இல் மன்றோ பத்திகொண்டாவில் வாந்திபேதிக்குப் பலியானார். நிறுவப்பட்ட பள்ளிகள் தேறவில்லையென்று 1836-இல் மூடப்பட்டன. பெல்லோ 1832-இல் ஏறத்தாழ 1,20,000 பவுன் சொத்தை விட்டு இறந்து, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கமானார். செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர் பொருளால் எழுந்த பள்ளி இன்றும் 'மெட்ராஸ் கல்லூரி' என்றே அழைக்கப்படுகிறது.

ஆசிரியர்க்குப் பயிற்சிப் பள்ளிகள் வேண்டும் என்று 1854-இல் சார்லஸ் உட் அனுப்பிய கல்வி அறிக்கை சொல்லிற்று. (அதே ஆண்டில்தான் டிக்கன்ஸ் தம் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலில், தொழிற்சாலைச் சரக்கைப்போல் கும்பலாகத் தயாரித்து அனுப்பப்பட்ட ஆசிரியர் ஒருவரைப் படைத்து எள்ளினார்.) அடுத்து வந்தது வேப்பேரி, பின்பு சைதாப்பேட்டை.

1910-இல் சைதாப்பேட்டைக்குப் பயிற்சி பெற வந்தவர்களுள் ஒருவர் சர்வபள்ளி இராதாகிருஷ்ணன். முந்தைய ஆண்டே மாநிலக் கல்லூரியில் பணியேற்றவர். அவர் புலமையைக் கண்ட உளவியல் பேராசிரியர், வகுப்பில் அமர்ந்து கேட்பதிலிருந்து அவருக்கு விலக்களித்து, உடன் பயில்வோருக்கு அவரையே விரிவுரையாற்றச் சொன்னார். சைதாப்பேட்டைக்கும் ஒரு சட்டாம்பிள்ளை கிடைத்தார். அவ்விரிவுரைகளே 1912-இல் உளவியல் நூலாக வெளிவந்தன. பயிற்சிக் காலத்தில் அவர் பெற்ற மாத ஊதியம் 37 ரூபாய்.