எம். ஏ. எம். ராமசாமி (1931–2015)

பந்தயக் குதிரை உரிமையாளர், தொழிலதிபர். செட்டிநாட்டு அரச குடும்பம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் பேரன்.

சென்னை ரேஸ் கிளப்பின் தலைவராக நெடுங்காலம் இருந்தார். ஆனால் கிண்டி மைதானத்தோடு நின்றுவிடவில்லை: பெங்களூரு, மும்பை, உதகை என எங்கு பந்தயம் நடந்தாலும் அவர் லாயக் குதிரைகள் ஓடின. டெர்பி, ஓக்ஸ் போன்ற ‘கிளாசிக்’ பந்தயங்களில் மட்டும் 400-க்கும் மேற்பட்ட வெற்றிகள். கின்னஸ் நூலும் இதைப் பதிவு செய்தது. குதிரைகளில் பெரும்புகழ் பெற்றது ‘எலூசிவ் பிம்பர்னெல்’. பணமிருந்தால் குதிரை வாங்கலாம். பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஜெயிப்பதற்கு நல்ல பயிற்சியாளரும் பொறுமையும் வேண்டும்.

இந்திய ஹாக்கி சம்மேளனத்துக்கும் தலைமை வகித்தார்.

அவரது கர்நாடகத் தொடர்பு பெங்களூருப் பந்தயங்களோடு முடியவில்லை. மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் சார்பில் அம்மாநிலத்திலிருந்தே 2004-இல் மாநிலங்களவைக்குத் தேர்வானார் இந்தத் தமிழர்.