வாசலுக்கு வந்த அந்தூரியம்

தோட்டத்து லயங்களில் வாழ்ந்த நம் மக்களுக்கு இரண்டு வகைச் செடிகள் பழக்கம். ஒன்று, விடியுமுன் எழுந்து போய் நிரை பிடித்து வெட்டிய பால்மரம். அது தோட்டத்துக்குச் சொந்தம். மற்றொன்று, அஞ்சடி ஓரத்தில் பழைய பால் டின்னிலும் எண்ணெய்த் தகரத்திலும் மண்சட்டியிலும் வைத்து வளர்த்த பூச்செடி. அது வீட்டுக்குச் சொந்தம். அப்படிச் சட்டியில் வளர்கின்ற செடிகளுள் ஒன்றான அந்தூரியத்தின் வரலாற்றை இன்று பார்ப்போம்.

பால்மரமும் அந்தூரியமும் தென்னமெரிக்கக் காடுகளில் பிறந்தவை. அவற்றின் பயணத்திலும் ஓர் ஒற்றுமை உண்டு. 1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்ஹம் என்ற ஆங்கிலேயர் பிரேசில் நாட்டிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனில் உள்ள கியூ தாவரத் தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். அவற்றில் மிகச் சிறு பகுதியே முளைத்தது. மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கும், கப்பலேறி வந்த நம் முன்னோரின் உழைப்புக்கும் அதுவே தொடக்கம்.

அதே 1876ஆம் ஆண்டில், பிரேசிலுக்கு அண்டை நாடான கொலம்பியாவில் எத்வார் ஆந்திரே என்ற பிரெஞ்சுத் தாவர அறிஞர் அலைந்து கொண்டிருந்தார். ஈரக் காட்டின் நிழலில், மெழுகு பூசியது போல் பளபளக்கும் சிவப்புப் பூவொன்றைக் கண்டு, அந்தச் செடியை ஐரோப்பாவுக்கு அனுப்பினார். பெல்ஜியத்தில் செடி வாணிபம் செய்த லிண்டன் என்பவரிடம் அது வளர்ந்தது. கண்டெடுத்தவரின் பெயராலேயே அதற்கு 'அந்தூரியம் ஆந்திரேயானம்' என்று பெயரிட்டார்கள். 'அந்தூரியம்' என்பது கிரேக்கச் சொற்களால் ஆனது. 'வால் பூ' என்று பொருள். பூவின் நடுவே நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுதான் அந்த வால்.

இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு, நேயர்களே. நாம் பூ என்று நினைக்கும் சிவப்பு இதயம் உண்மையில் பூவன்று. அது நிறம் மாறிய ஓர் இலை. நடுவிலுள்ள தண்டில் புள்ளி புள்ளியாக நெருங்கியிருப்பவையே மெய்யான பூக்கள். இலையாக இருப்பதால்தான் அது பல வாரங்கள் வாடாமல் நிற்கிறது.

ஐரோப்பாவில் அந்தூரியம் செல்வர்களின் கண்ணாடி வீட்டுச் செடியாகவே இருந்தது. சாதாரணக் குடும்பங்களின் கைக்கு அது பெருமளவில் வந்தது ஹவாய்த் தீவுகளில். 1889ஆம் ஆண்டில் சாமுவேல் டேமன் என்ற செல்வந்தர் லண்டனிலிருந்து அதனை அங்கே கொண்டு சென்று தம் தோட்டத்தில் நட்டார். அந்தக் காலத்து ஹவாய் நம் மலாயாவைப் போன்றது. இங்கே ரப்பர், அங்கே கரும்பு. இங்கே தமிழர், அங்கே ஜப்பானியரும் சீனரும் பிலிப்பினோக்களும். ஒப்பந்தமும் லய வாழ்க்கையும் அவர்களுக்கும் உண்டு.

டேமனின் தோட்டத்துச் செடியிலிருந்து கன்றுகள் கைமாறிக் கைமாறி வீட்டுக் கொல்லைகளுக்குப் பரவின. ஹீலோ நகரின் சுற்றுப்புறத்தில், மரப்பெரணியின் நிழலில், ஜப்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் பல அவற்றைப் பேணி வளர்த்தன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கொல்லைச் செடி வருமானம் தரும் தொழிலாயிற்று. 1950ஆம் ஆண்டில் ஹவாய்ப் பல்கலைக்கழகம் புதிய அந்தூரிய வகைகளை உருவாக்கும் ஆராய்ச்சியைத் தொடங்கியது. கரும்புத் தோட்டங்கள் பின்னாளில் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பூத் தொழிலோ நின்று நிலைத்தது. நம் தமிழர் வாழும் மொரீஷியஸ் தீவிலும் கரும்புக்கு அப்பால் அந்தூரியம் ஓர் ஏற்றுமதிப் பொருளாயிற்று.

இனி, நம் சிலாங்கூருக்குத் திரும்புவோம். டெங்கிலுக்கு அருகே பிராங் பெசார் என்றொரு தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலேயப் படை அதிகாரிகள் 1921ஆம் ஆண்டில் அமைத்த தோட்டம் அது. 'பெரும் போர்' என்பதே அந்த மலாய்ப் பெயரின் பொருள். ஒட்டுக்கட்டி உயர்ந்த ரகப் பால்மரங்களை உருவாக்குவதில் அது உலகப் புகழ் பெற்றது. பிபி 86 என்ற ரகத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் 'பிபி' பிராங் பெசாரின் பெயர்ச் சுருக்கமே.

1990களில் அந்த நிலத்தில் புத்ராஜெயா நகரம் எழுந்தது. பிராங் பெசாரிலும் அக்கம்பக்கத் தோட்டங்களிலும் தலைமுறைகளாக உழைத்த குடும்பங்கள் டெங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. கோயிலடியும் திடலும் காய்கறிப் பாத்தியும் பின்னே நின்றுவிட்டன. சுவர்களில் விரிசல் கண்ட மக்கள், தரைவீடு வேண்டுமென்று நெடுங்காலம் குரல் கொடுத்தார்கள். பெயர்கள் மாறினாலும் நாட்டின் பல தோட்டங்களுக்கும் இதுவே கதை.

உலகப் புகழ் பெற்ற மரத்தை வளர்த்த கைகளுக்கு அந்த மரத்தில் ஒரு கிளைகூடச் சொந்தமில்லை. சட்டியில் இருந்த செடியை மட்டும் யாரையும் கேட்காமல் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால், செடியோடு கைப்பழக்கமும் கூட வரவேண்டும். ஒட்டுக்கட்டத் தெரிந்த, நாற்றுமேடை பார்த்த கைகள் அவை. மாடி வீட்டில் மண் இல்லை என்பதற்காக அந்தப் பழக்கம் அடுத்த தலைமுறைக்குப் போகாமல் நின்றுவிடலாகாது. அதற்கு அந்தூரியம் மிகவும் ஏற்ற செடி. ஏனென்றால் அதற்கு மண்ணே வேண்டியதில்லை.

காட்டில் அது மரங்களின் மேலும் மக்கிய சருகின் மேலும் வேர்விட்டு வளரும் இனம். ஆகவே, சட்டியில் தேங்காய் மட்டைத் துண்டுகள், அடுப்புக்கரி, உடைந்த செங்கல் ஆகியவற்றைக் கலந்து நிரப்பினால் போதும். மட்டையைச் சில நாள் நீரில் ஊறவைத்து, கறைநீரைக் கொட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். காலை இளவெயில் படலாம். மத்தியான வெயில் ஆகாது, இலை கருகிவிடும். ஒரேயடியாக இருட்டில் வைத்தால் இலை மட்டுமே வரும், பூ வராது. மேற்பகுதி காயத் தொடங்கும்போது நீர் ஊற்றுங்கள். சட்டியின் கீழே தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்; வேர் அழுகும், ஏடிஸ் கொசுவும் பெருகும்.

விதையிலிருந்து வளர்த்தால் பூப்பதற்குச் சில ஆண்டுகள் ஆகும். தாய்ச்செடியின் அடியில் பக்கக்கன்று கிளைக்கும்போது, அதற்கு இரண்டு மூன்று வேர்கள் வந்த பிறகு பிரித்து வைப்பதே எளிய வழி. ஒட்டுக்கன்றைப் போலவே அதுவும் தாயின் குணம் மாறாமல் பூக்கும். தண்டு நீண்டு செடி சாய்ந்தால், மேல்வேர்களோடு நுனியை வெட்டி வேறு சட்டியில் நடலாம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, இலையின் சாறு வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். இரண்டாவது, நோய். 1980களில் பாக்டீரியக் கருகல் நோய் ஹவாயின் அந்தூரியத் தோட்டங்களைச் சூறையாடியது. சிறு விவசாயிகள் பலர் தொழிலையே விட்டார்கள். வெட்டுக் கத்தியும் நோய்ப்பட்ட கன்றும் தெறிக்கும் நீரும் அதனைப் பரப்பின. ஆகவே, இலையோரம் நீர்க்கசிவு போல் தோன்றி மஞ்சளித்துக் கருகினால், அந்தச் செடியை அப்புறப்படுத்துங்கள். ஒவ்வொரு செடியை வெட்டிய பின்னும் கத்தியை ஸ்பிரிட்டால் துடையுங்கள். நோயுள்ள செடியிலிருந்து அண்டை வீட்டாருக்குக் கன்று கொடுக்காதீர்கள்.

நல்ல செடியிலிருந்து தாராளமாகக் கொடுங்கள். ஹவாயில் இந்தச் செடி பரவியதும் அப்படிக் கைமாறித்தான். கன்றைப் பிரிக்கும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, எந்த வேரை விடுவது, எங்கே வெட்டுவது என்று காட்டிக் கொடுங்கள். பாட்டன் ஒட்டுக்கட்டிய தோட்டத்தின் கதையையும் அப்போதே சொல்லி வையுங்கள்.