முரசறைதலும் செவிகேளாரும்

அரசு தன் குடிகளுக்குச் செய்தி அறிவிக்கும் முறை தமிழகத்தில் தொன்றுதொட்டுப் பெரிதும் ஒலியையே சார்ந்து வந்துள்ளது. அம்முறையால் செவிகேளாதார்க்கு நேர்ந்த துன்பத்தின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

போருக்கு முன் எச்சரித்தலை அறமெனக் கொண்டனர் பண்டையோர். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய பாட்டில் (புறம். 9), ஆக்களும் பார்ப்பாரும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதாரும் அரண் சேருமாறு முன்னரே அறிவிக்கப்படுகின்றனர். அவ்வறிவிப்பைக் கேட்க இயலாதார் நிலை யாது என்னும் வினா அங்கு எழவில்லை. மணிமேகலையின் விழாவறை காதையிலும், யானைப் பிடரியில் ஏற்றிய முரசே புகார் நகர மாந்தர்க்குச் செய்தியைக் கொணர்கின்றது.

செவிகேளாமையைப் பண்டையோர் அறியாதவர் அல்லர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் (புறம். 28) எண்வகை எச்சங்களுள் ஊமையையும் செவிட்டையும் தனித்தனியே எண்ணுகின்றார். இப்பாகுபாடு நுண்மையுடையது. பிற்கால வழக்கு இவ்விரண்டையும் ஒன்றாக்கிற்று. கேளாதவன் பேசான், பேசாதவன் அறியான் என்னும் மயக்கமும் உடன் வந்தது. 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வி மாநாடு, செவிகேளார் கல்வியில் சைகை மொழியை விலக்கி வாய்மொழிப் பயிற்சியையே மேற்கொள்ளுமாறு தீர்மானித்தது. அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவிக்க 2010ஆம் ஆண்டின் வான்கூவர் மாநாடு வரை காலம் பிடித்தது. கண்ணால் அறியும் மொழியை இழந்தவர்க்குத் துயரை எடுத்துரைக்கும் கருவியும் இல்லாமற் போயிற்று.

இதன் விளைவை அண்மை வரலாற்றிற் காணலாம். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நாகைக் கடற்கரையைத் தாக்கியபோது முன்னறிவிப்பு எவர்க்கும் இல்லை. அவ்வகையில் கேட்பாரும் கேளாரும் ஒரு நிலையினரே. வேறுபாடு பின்னரே தோன்றிற்று. டிசம்பர் 30ஆம் நாள், மீண்டும் பேரலை வரக்கூடும் என நடுவணரசு எச்சரித்தது, கரையோர மக்கள் அஞ்சி ஓடினர், அலை வரவில்லை. செவிகேளாதார் ஒருவர் நிலையை இங்கு எண்ணிப் பார்ப்போம். பிறர் ஓடக் கண்டு அவரும் ஓடுவார். ஓடியதன் காரணத்தையோ, அச்சம் பொய்யானதையோ அவர்க்கு உரைப்பார் இலர். கேட்பவர்க்கு அச்சம் ஒரு செய்தியோடு முடிவுற்றது. அவர்க்கோ அது முடிவுறாது நிற்கும். நேர்ந்தது யாதென அறிதலும், உற்றாரோடு அதனைப் பேசி அழுதலும் உளப்புண்ணை ஆற்றும் வழிகள். இவ்விரண்டும் அடைபடின் அப்புண் ஆழமாகின்றது.

இது கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. திண்டுக்கல் நாகல் நகரில் சௌராட்டிர மொழி பேசும் நெசவாளர் குடும்பங்கள் பல வாழ்கின்றன. தெருவில் தமிழில் ஒலிபெருக்கி அறிவிக்கும் செய்தியை, வீட்டில் பெரியோர் தம் தாய்மொழியில் விளக்குவர். செவிகேளாப் பிள்ளைக்கு அவ்வறிவிப்பும் எட்டாது, அவ்விளக்கமும் எட்டாது. இதழசைவு நோக்கிப் பொருளறிய முயலினும், இரு மொழிகளுக்கிடையே அம்முயற்சி இடர்ப்படும். 2020இல் பெருந்தொற்றின்போது முகக்கவசம் அவ்விதழையும் மறைத்துவிட்டது.

2022இல் தமிழ்நாட்டரசு தண்டோரா முறையை நிறுத்தி, ஒலிபெருக்கியைப் பயன்படுத்தப் பணித்தது. பறையடிப்போர்க்கு இழைக்கப்பட்ட இழிவைக் களைந்தமையால் அது நன்று. ஆயினும் கருவி மாறிற்றேயன்றிப் புலன் மாறவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இங்குக் கருதத்தக்கது. மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மாற்றுத்திறனாளிகளின் விவரங்களைப் பதிவேட்டில் வைத்து, இடர் வருங்கால் அவர்களுக்கு அறிவிக்க ஆவன செய்தல் வேண்டும் என அது விதிக்கின்றது. இதன்வழி, கேட்டறிதல் குடியின் பொறுப்பு என்னும் நிலை மாறி, அறியச்செய்தல் அரசின் கடமை என்னும் நிலை சட்டத்தில் இடம்பெற்றது. நெட்டிமையார் பாட்டிற் காணும் அறத்தின் முறையான வளர்ச்சியே இஃது எனக் கொள்ளுதல் பொருந்தும். ஊர்தோறும் அப்பதிவேடு நிறைவாக அமைந்து, எழுத்தாலும் சைகையாலும் செய்தி சென்று சேருமளவே அவ்வறம் நிறைவுறும் என்பது நம் முடிபு.