ஓடாத காரின் எண்ணெய்

குறைவாக ஓடும் காருக்கு எஞ்சின் எண்ணெயை எப்போதாவது மாற்றினால் போதும் என்பது கேட்ட மாத்திரத்தில் நியாயமாகத் தோன்றும் கருத்து. நூறாண்டு கால வாகன வரலாறு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது. எண்ணெயின் ஆயுளை மைலால் அளக்கும் பழக்கம் எப்படி வேரூன்றியது, எங்கே அது பொய்த்தது என்பதை அமெரிக்காவை வைத்துப் பார்ப்பதே பொருத்தம். காரைக் கடைத்தெருவுக்குப் போகும் செருப்பாக முதலில் மாற்றிக்கொண்ட தேசம் அது.

1908இல் வந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் எண்ணெய் பம்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. அடியில் தேங்கிய எண்ணெயைச் சுழலும் பாகங்களே வாரி இறைத்துக்கொண்டன. புது வண்டியில் முதல் 400 மைலிலும், பிறகு 750 மைலுக்கு ஒருமுறையும் எண்ணெயை வடித்துவிடச் சொன்னது அதன் கையேடு. புழுதிச் சாலைகளின் காலம்; ஓட ஓடத்தான் அழுக்கு சேரும். எனவே மைல் கணக்கு அன்று பிழையில்லை. 1923இல் ஸ்வீட்லேண்ட், கிரீன்ஹால் என்ற இருவர் வடிகட்டியை உருவாக்கினர். அது தூசியைப் பிடித்தது. தண்ணீரைப் பிடிக்கவில்லை.

எண்ணெயில் தண்ணீர் ஏது? ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே போய்விடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மட்டும் ஒரு பங்கு பிஸ்டன் வளையங்களைக் கடந்து எண்ணெயில் இறங்கிக் குளிர்ந்து நீராகிறது. எரியாத பெட்ரோலும் கூடவே இறங்குகிறது. அரை மணி நேரம் ஓடினால் எண்ணெய் சூடேறி இவை வெளியேறிவிடும். மூன்று கிலோமீட்டரில் வண்டியை நிறுத்திவிட்டால் அப்படியே தங்கும். ரேடியேட்டர் நீர் சில நிமிடங்களில் சூடேறிவிடுகிறது, எண்ணெய்க்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். முகப்பிலுள்ள முள்ளைப் பார்த்து ஏமாறுவது இதனால்தான். ஈயம் கலந்த பெட்ரோலின் காலத்தில் இந்த நீரோடு அமிலங்களும் சேர்ந்தன. விளைவு, தயிர் போன்ற கசடு.

1942இல் போர்க்காலப் பங்கீடு வந்தபோது சாதாரண வண்டிக்காரருக்கு வாரம் நான்கு காலன் பெட்ரோல், பின்னர் மூன்று. வேக வரம்பு மணிக்கு 35 மைல். மெதுவாக, கொஞ்சமாக ஓடும் கார்கள் ஒரு நாட்டின் பொது நிலையாயின. அக்கால எண்ணெய் விளம்பரங்கள் சும்மா நிற்கும் எஞ்சினை அமிலம் அரிக்கும் என்று பயமுறுத்தின. விற்பனைத் தந்திரம்தான், ஆனால் சொன்னது பொய்யல்ல.

அன்றைய எஞ்சின்களின் ஆவி, வண்டிக்கு அடியில் நீட்டிய ஒரு குழாய் வழியே வெளியேறியது. வண்டி வேகமாக ஓடும்போது உண்டாகும் காற்றே அதை உறிஞ்சி இழுக்க வேண்டும். மெதுவாக ஓடும் வண்டியில் ஆவி உள்ளேயே கிடந்தது. 1960களில் கலிஃபோர்னியாவின் புகைமூட்டத்தைக் குறைக்க ஆவியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் வால்வு கட்டாயமானது. நகரத்தின் காற்றுக்காக வந்த ஏற்பாடு எஞ்சின் எண்ணெயையும் காத்தது. கசடைத் திரளவிடாமல் மிதக்கவைக்கும் வேதிப்பொருள்களும் அதே காலத்தில் எண்ணெயில் சேர்ந்தன.

இவ்வளவுக்குப் பிறகும் 3000 மைல் என்ற எண் அமெரிக்கர்களின் மனத்தில் மந்திரம்போல் பதிந்திருந்தது. அதை வைத்துப் பிழைத்த கடைகளும் பெருகியிருந்தன. 1996இல் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் நியூயார்க்கின் 75 டாக்சிகளை 60,000 மைல் ஓட்டி எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தது. 3000 மைலில் எண்ணெய் மாற்றியவற்றுக்கும் 6000 மைலில் மாற்றியவற்றுக்கும் தேய்மானத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. சோதனை நேர்மையானது. ஆனால் டாக்சி நாள் முழுவதும் சூடாகவே இருக்கும் வண்டி. அதன் முடிவை, காலையில் பள்ளிவாசலில் பிள்ளையை இறக்கிவிட்டு மாலைவரை நிற்கும் காருக்குப் பொருத்துவது, உழவரின் உணவுக் கணக்கை நோயாளிக்குப் பரிமாறுவது போன்றது.

என் பார்வையில் இவ்வரலாற்றின் உண்மையான திருப்பம் வேறு இடத்தில் நிகழ்ந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வகத்தைச் சேர்ந்த ஷர்லி ஷ்வார்ட்ஸ், டொனால்ட் ஸ்மோலென்ஸ்கி இருவரும் 1987இல் வெளியிட்ட கட்டுரை மைலையே கைவிட்டது. எஞ்சினின் சுழற்சிகளை எண்ணி, எண்ணெய் குளிர்ந்திருக்கும்போதும் மிகச் சூடாக இருக்கும்போதும் ஒவ்வொரு சுழற்சிக்கும் கூடுதல் அபராதம் விதிப்பது அவர்கள் முறை. இன்று பல கார்களின் முகப்பில் ஒளிரும் எண்ணெய் நினைவூட்டலுக்கு மூதாதை அது.

அந்த வசதியில்லாத காரானால், கையேட்டில் 'கடுமையான பயன்பாடு' என்ற பகுதியைத் தேட வேண்டும். ஹோண்டா கையேடுகள் ஒரு பயணத்துக்கு 8 கிலோமீட்டருக்கும் குறைவாக ஓட்டுவதையே அதில் சேர்த்திருக்கின்றன. உறைபனிக் காலத்தில் 16. அங்கே தரப்பட்டிருக்கும் இடைவெளியையே பின்பற்றலாம். மைல் எட்டாவிட்டாலும் கையேடு குறிக்கும் மாதக்கெடு வந்ததும் மாற்றிவிட வேண்டும். வாரத்தில் ஒருநாள் அரை மணி நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டிவருவது நல்லது. அளவுகோலில் எண்ணெய் மட்டம் தானாக உயர்ந்திருந்தால், பெட்ரோல் இறங்கியிருக்கிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.