வாக்கேயகாரர்

பாட்டின் சொல்லையும் மெட்டையும் தாமே ஆக்குபவர். ‘வாக்கு’ சாகித்தியத்தையும் ‘கேயம்’ பாடப்படும் இசையையும் குறிக்கும். முன்னதை மாது என்றும் பின்னதைத் தாது என்றும் 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ பெயரிட்டது. மெட்டு மட்டும் அமைப்பவருக்கு இப்பெயர் பொருந்தாது, அவர் இசையமைப்பாளர். அருணாசலக் கவிராயர் ‘இராம நாடகக் கீர்த்தனை’யை எழுத, கோதண்டராமையரும் வெங்கடராமையரும் இசையமைத்ததாகக் கூறுவர். அங்கே ஒருவர் பணியை மூவர் பகிர்ந்தனர்.

யாழ்ப்பாணத்தில் இச்சொல்லைக் கேட்டதும் நினைவுக்கு வருபவர் இணுவில் ந. வீரமணி ஐயர் (1931–2003). சென்னை கலாக்ஷேத்திராவில் பயின்றவர். பாபநாசம் சிவனின் மாணவர். கோப்பாய் ஆசிரிய கலாசாலையில் கற்பித்தவர். 72 மேளகர்த்தா ராகங்களிலும் கீர்த்தனைகள் இயற்றினார். யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவற்றுக்கும் அவருடைய பாடல்கள் உண்டு. டி. எம். சௌந்தரராஜன் பாடிய, மயிலைக் கற்பகாம்பாள் மீதான ‘கற்பகவல்லி’ ராகமாலிகையும் அவர் எழுதியதே. பாடகர் பெயரோடு அது நின்றுவிட்டது பெருங்குறை.

கூத்து மரபின் அண்ணாவியார் வாக்கேயகாரரிலிருந்து வேறானவர். மெட்டையும் ஆட்டத்தையும் பழக்கி, மத்தளத்தோடு கூத்தை நடத்துபவர் அவர், பாட்டெழுதுபவர் புலவர். இருவரும் ஒருவராக அமைவதும் உண்டு.

மேடையில் பாடுவோர் ராகம், தாளத்தோடு வாக்கேயகாரர் பெயரையும் சொல்லவேண்டும்.